மெஷினுக்கு குடுக்கிற சலுகைய ஆளுக்கு குடுங்க: கடலூர்லேர்ந்து தொழில் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசு தொழில் துறையிலயும் சிறு குறு நடுத்தர தொழில் துறையிலயும் கம்பெனிங்களுக்கு எவ்ளோ மானியம், என்ன சலுகைன்னு முடிவு பண்ற அதிகாரிகளுக்கு, கடலூர்லேர்ந்து வணக்கம்.

நான் இங்க சின்ன கம்பெனிங்களுக்கு சம்பளக் கணக்கு, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பாத்துக் குடுக்கறேன். மாசா மாசம் 15ம் தேதிக்குள்ள பணம் கட்டியாகணும், அதனால எந்த கம்பெனியில யாரு புதுசா சேந்தாங்க, யாரு நின்னாங்க, எவ்ளோ சம்பளம்னு எல்லாம் என் கம்ப்யூட்டர்ல வந்து நிக்கும். "இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை"ன்னு பேப்பர்ல வர்றதுக்கும் அந்த லிஸ்டுல வர்ற பேருங்களுக்கும் நடுவுல இருக்கிற தூரத்த பாத்து பாத்து மனசு கேக்காமதான் இத எழுதறேன்.

ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். வேலை குடுக்கிற கம்பெனிக்கு தாராளமா சலுகை குடுங்க, ஆனா அத போட்ட முதலீட்டுக்கோ வாங்கின மெஷினுக்கோ குடுக்காம, பிஎஃப் கணக்குல ஏறி அங்கயே நிலைச்சு நிக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் இவ்ளோன்னு குடுங்க.

2021 தொழில் கொள்கைய எடுத்துக்கோங்க. எஸ்ஜிஎஸ்டி, அதாவது ஜிஎஸ்டியில மாநிலத்தோட பங்க திருப்பித் தர்றது, டர்ன்ஓவர வச்சு மானியம், முதலீட்டு மானியம்னு பெரிய கம்பெனி தனக்கு எது வசதியோ அத எடுத்துக்கலாம்னு வச்சிருந்தீங்க. இத்தனை பேருக்கு வேலை குடுக்கணும்னு ஒரு கண்டிஷன் இருந்துது, இல்லைன்னு சொல்லல, ஆனா அது உள்ள நுழையறதுக்கான கேட்டு மாதிரி, நுழைஞ்சதுக்கு அப்புறம் பணம் கணக்கானது என்னவோ முதலீட்டையும் விற்பனையையும் வச்சுதான். சிறு தொழிலுக்கும் அதே கதை. குறைஞ்சது 25 பேருக்கு வேலை குடுத்தா கூடுதல் மானியம்னு ஒரு திட்டம், நல்ல எண்ணத்துல கொண்டு வந்ததுதான், அந்த மானியத்த கூட மெஷின் விலையில இத்தனை சதவீதம்னுதான் கணக்கு போடறாங்க. ஆளுக்காக குடுக்கிற காசு எதுக்குங்க மெஷின் விலைய பாத்து ஏறி இறங்கணும்?

சம்பளத்துல பங்கு குடுக்கிறது அரசாங்கத்துக்கு புதுசும் இல்ல. 2024 பட்ஜெட்ல சொன்னீங்களே, பெரிய வெளிநாட்டு கம்பெனிங்க இங்க நடத்துற ஜிசிசி ஆபீஸ்ல மாசம் 1 லட்சத்துக்கு மேல சம்பளம் வாங்கற வேலைக்கு, சம்பளத்துல முதல் வருஷம் 30 சதவீதம், ரெண்டாவது வருஷம் 20, மூணாவது வருஷம் 10 அரசாங்கமே தரும்னு. நல்ல யோசனை, நான் குறை சொல்லல. ஆனா எங்க மாவட்டத்துல ஐடிஐ முடிச்ச பையனுக்கு முதல் வேலை 12,000, 13,000 ரூபாய்லதான் ஆரம்பிக்குது. ஒரு லட்ச ரூபாய் வேலைக்கு போடத் தெரிஞ்ச அதே கணக்க இந்த 12,000 ரூபாய் வேலைக்கும் போடுங்கன்னுதான் கேக்கறேன்.

பெரிய தொகை எல்லாம் தேவைப்படாது. 12,000 சம்பளம்னா கம்பெனி தன் பங்கா கட்டற பிஎஃப் நிர்வாகச் செலவெல்லாம் சேத்து 13 சதவீதம், 1,560 ரூபாய், இஎஸ்ஐ 3.25 சதவீதம், 390 ரூபாய். ரெண்டும் சேத்து 1,950. சின்ன ஓனருங்க ஆள பதிவு பண்ண பயப்படறது இந்த 1,950க்காகத்தான், அதுலயும் 19 பேர் வச்சிருக்கிற பட்டறைய வந்து பாருங்க, ஆர்டர் குவிஞ்சு கிடக்கும், ஓனர் இருபதாவது ஆள சேக்க மாட்டார், ஏன்னா 20 ஆயிட்டா பிஎஃப் அந்த ஒரு ஆளுக்கு மட்டும் கிடையாது, இருபது பேருக்கும் கட்டணும், 12,000 சம்பளத்துலயே மாசம் 31,200 ரூபாய் புதுசா ஏறும், அப்புறம் ஆள் குறைஞ்சாலும் அதுலேர்ந்து வெளிய வர முடியாது. அதனால இருபதாவது ஆள நோட்டுல எழுதாம கையில கூலி குடுத்து ஓட்டுவார், இல்லன்னா தம்பி பேர்ல இன்னொரு போர்டு மாட்டுவார். இந்த இடத்துல அரசாங்கம் வந்து "நீ இருபத தாண்டு, மூணு வருஷத்துக்கு உன் பங்கு பிஎஃப்ப நாங்க பாத்துக்கறோம்"னு ஒரு வார்த்தை சொன்னா போதும், கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் இருக்கிற பட்டறைங்களே எத்தனையோ பேர சேக்கும்.

பண்ருட்டின்னதும் முந்திரி ஞாபகம் வருது, அத சொல்லாம விட முடியல. முந்திரிக் கொட்டை உடைக்கிற ஷெட்டுக்கு நேர்ல போய் பாருங்க. வரிசையா பொம்பளைங்க உக்காந்திருப்பாங்க, கொட்டையிலேர்ந்து வர்ற எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கருத்து தோல் உரிஞ்சிருக்கும், வீட்டுல சாதம் பிசைஞ்சு சாப்பிடவே எரியும்னு சொல்லுவாங்க. உடைச்ச பருப்ப தராசுல வச்சு கிலோவுக்கு இவ்ளோன்னு கூலி, உடைஞ்ச பருப்புக்கு கம்மி. அவங்கள்ல ரொம்ப பேருக்கு இஎஸ்ஐ கார்டு கிடையாது, கையில புண்ணு வந்தா சொந்தக் காசுலதான் வைத்தியம். வேலை உருவாக்கணும்னா புதுசா பார்க் கட்டித்தான் உருவாக்கணும்னு இல்லைங்க, ஏற்கனவே நடக்கிற இந்த வேலைய பதிவுக்குள்ள கொண்டு வந்தா அதுவும் புது வேலைதான். முந்திரி ஓனர் ஒண்ணும் கோடீஸ்வரர் இல்ல, லோடு வாங்கவே வட்டிக்கு வாங்கறவரு, அவருக்கு ஒரு ஆளுக்கு இவ்ளோன்னு உதவி கிடைச்சா அவரும் எழுதிடுவார்.

பெரிய கம்பெனிக்கு வர்றேன். எங்க ஊர் சிப்காட் (அரசு தொழிற்பேட்டை) 80கள்லேர்ந்து இருக்கு, குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் ஜனங்க கெமிக்கல் நாத்தத்தோடவே ஒரு தலைமுறை வாழ்ந்துட்டாங்க, நிலத்தடி தண்ணிய பத்தி தனியா ஒரு மடல் எழுதணும். அந்த ஊர் பிள்ளைங்களுக்கு உள்ள வேலையே இல்லையான்னா இருக்கு, காண்ட்ராக்ட்ல. நான் பாத்த ஒரு பையனோட பிஎஃப் பாஸ்புக்க சொல்றேன். ஒரே கம்பெனி கேட், ஒரே ப்ளாண்ட், ஒரே வேலை. பாஸ்புக்குல மூணு காண்ட்ராக்டர் பேரு. ஒருத்தர்கிட்ட டேட் ஆஃப் எக்ஸிட் (வேலைய விட்ட தேதி) போட்டு ரெண்டே நாள்ல இன்னொருத்தர்கிட்ட புதுசா சேந்த மாதிரி. பழைய காண்ட்ராக்டர் கணக்க ஒழுங்கா மாத்தாததால பணம் பழைய ஐடியிலயே கிடக்குது, சர்வீஸ் கணக்கு துண்டு துண்டா நிக்குது, கல்யாணத்துக்கு அட்வான்ஸ் எடுக்கலாம்னு வந்த பையன் வெறுங்கையோட போனான்.

இத ஏன் இவ்ளோ விவரமா சொல்றேன்னா, ஆளுக்கு இவ்ளோன்னு குடுக்க ஆரம்பிச்சா அதுலயும் இந்த தில்லுமுல்லு நடக்கும். மத்திய அரசோட விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா 2025 ஆகஸ்ட் 1லேர்ந்து ஓடுது, புதுசா சேத்த ஆள் ஆறு மாசம் நின்னா கம்பெனிக்கு மாசம் 3,000 வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு, உற்பத்தித் தொழில்னா நாலு வருஷம் வரைக்கும். 12,000 சம்பளத்துக்கு 2,000 ரூபாய் வரும். உருப்படியான திட்டம், நானே கம்பெனிங்ககிட்ட சொல்லி சேக்கச் சொல்றேன். ஆனா ஒரு காண்ட்ராக்டர் லிஸ்டுல 20 பேர் ஏறினா இன்னொரு காண்ட்ராக்டர் லிஸ்டுல அதே 20 பேர் இறங்கியிருப்பாங்க, ஊருக்குள்ள ஒரு வேலை கூட கூடியிருக்காது. அதனால மாநில அரசு இதுக்கு மேல கூடுதலா குடுக்கும்போது காண்ட்ராக்டர எண்ணாதீங்க, கம்பெனி கேட்ட வச்சு எண்ணுங்க. அந்த கேட்டுக்குள்ள போன வருஷம் நேரடியும் காண்ட்ராக்ட்டும் சேத்து எத்தனை பேர், இந்த வருஷம் எத்தனை பேர், அதுல கம்பெனி ரோல்ல நேரடியா எத்தனை பேர். நேரடி ஆளுக்கு முழு உதவி, காண்ட்ராக்ட் ஆளுக்கு கிடையாது, அப்ரண்டிஸ்ன்னு பேர் வச்சு வருஷா வருஷம் மாத்துற பிள்ளைங்களுக்கும் கிடையாது. பொய்க்கணக்கு எழுதுவாங்கன்னு பயம் இருந்தா, இப்ப புது யுஏஎன் (ஆளுக்கு ஒண்ணா குடுக்கிற பிஎஃப் நம்பர்) எடுக்கவே மத்திய அரசோட உமங் ஆப்ல முகத்த காட்டணும், பேருக்கு ஆள் சேக்கிறது முன்ன மாதிரி அவ்ளோ லேசு இல்ல.

வரிச் சலுகைய மட்டும் நம்பினா என்ன ஆகும்னு பாக்க நீங்க தூரமா போக வேணாம், பக்கத்துலயே இருக்கு பாண்டி. ஒரு காலத்துல சேல்ஸ் டாக்ஸ் விலக்கு, வருமான வரி விலக்குன்னு மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு எஸ்டேட் எல்லாம் கம்பெனி நிறைஞ்சு கிடந்துது, எங்க ஊர்லேர்ந்து ஷிஃப்ட் பஸ்ல பசங்க போயிட்டு வந்தாங்க. விலக்கு முடிஞ்சு, வாட் வந்து, அப்புறம் 2017ல ஜிஎஸ்டியும் வந்ததும் வரிக்காக வந்ததுல பல பேர் மூட்டைய கட்டிட்டாங்க. வரிய மிச்சம் பண்ண வந்தவங்க வரி மிச்சமாகாத அன்னிக்கு போறாங்க, அவங்க மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல. ஆனா அங்க வேலை பாத்தவங்க 40 வயசுக்கு மேல இன்னொரு எடத்துல ஹெல்பரா சேந்தாங்களே, அந்த மாதிரி எங்க பிள்ளைங்களுக்கும் ஆகிடக் கூடாது.

உள்ளூர்காரங்களுக்கு 75 சதவீதம்னு சட்டம் போடுங்கன்னு எங்க பக்கம் கேக்கிறவங்க நிறைய. அந்த ஆதங்கம் நியாயம்தான், நிலம் குடுத்தவன் வாசல்ல நின்னு வேலை கேக்கிற கொடுமைய நெய்வேலியில பாத்துட்டுதான் இருக்கோம். ஆனா ஹரியானா போட்ட சட்டத்த 2023 நவம்பர்ல ஹைகோர்ட்டே ரத்து பண்ணிடுச்சு, கர்நாடகாவும் 2024ல மசோதாவ நிறுத்தி வச்சுடுச்சு. சட்டம் போட்டு கோர்ட்டுல அலையறத விட, அரசாங்கம் தன் கையால குடுக்கிற பணத்துக்கு தானே கண்டிஷன் வைக்கிறது சுலபம்னு எனக்கு தோணுது. இந்த மாவட்டத்துல படிச்சு முடிச்ச பிள்ளைய எடுத்தா மாசம் 500 ரூபாய் கூட, பொண்ணா இருந்தா இன்னும் கொஞ்சம் கூடன்னு வைங்க, தானா எடுப்பாங்க.

கடைசியா ஒரு விஷயம், இதுக்கு பணமே செலவாகாது. 2024 ஜனவரி முதலீட்டாளர் மாநாட்டுல 6.64 லட்சம் கோடி முதலீடு, நேரடியும் மறைமுகமும் சேத்து 26.9 லட்சம் வேலைன்னு சொன்னீங்க. அதுல கடலூருக்கு எத்தனைன்னு கேக்க எங்களுக்கு உரிமை இருக்கு. மாவட்டத்துல சலுகை வாங்கற ஒவ்வொரு கம்பெனி பேரும், சொன்ன வேலை எத்தனை, பிஎஃப்ல ஏறினது எத்தனை, வாங்கின மானியம் எவ்ளோங்கற நாலு தகவலையும் வருஷத்துக்கு ஒரு தடவை கலெக்டர் ஆபீஸ் போர்டுலயும் மாவட்ட தொழில் மையத்துலயும் போடுங்க. தனிப்பட்ட பேச்சுவார்த்தையில பெரிய கம்பெனிக்கு குடுக்கிற ஸ்பெஷல் பேக்கேஜும் அதுல வரணும், அதுவும் எங்க வரிப்பணம்தான். சொன்னதுல பாதி கூட ஏத்தாத கம்பெனிக்கு அடுத்த தவணைய நிறுத்துங்க, சொன்னதுக்கு மேல ஏத்தின சின்ன பட்டறைக்கு மூணு மாசத்துக்குள்ள பணம் போய் சேரட்டும், ஏன்னா மானியம் வரும் வரும்னு நம்பி வட்டி கட்டியே ஓஞ்சு போன ஓனருங்கள எனக்கு தெரியும்.

இப்படிக்கு,
கடலூர்லேர்ந்து சம்பளக் கணக்கு எழுதற ஒருத்தர்