நாற்பது லிட்டர் அண்டாவே வாங்கு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. டென்வர் வீட்டில் ஒருவழியாக எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று படித்ததில் நிம்மதி. இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடியும் பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் பீர் காய்ச்சினால் சட்டச் சிக்கல் வருமா என்று கேட்டிருந்தாய். பயப்படாதே. 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால், அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சும் பீருக்கு மத்திய வரி போயிற்று. பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு வருஷத்துக்கு 200 காலன் வரை. விற்கத்தான் கூடாது.

சரி, அண்டாவுக்கு வருகிறேன். நீ பார்த்து வைத்திருக்கும் 30 லிட்டர் அண்டா போதாது. ஒரு தடவைக்கு 19 லிட்டர் பீர்தானே என்று தோன்றும். ஆனால் மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, பையில் கட்டி ஒரே அண்டாவில் ஊறவைத்துக் காய்ச்சப் போகிறாய். 5 கிலோ மால்ட் ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீரைக் குடித்துவிடும். ஒரு மணி நேரக் கொதியில் இன்னொரு 4 லிட்டர் ஆவியாகும். அடியில் வண்டலோடு 2 லிட்டர் நின்றுவிடும். ஆக 29 லிட்டர் தண்ணீரில் தொடங்க வேண்டும். மால்ட் பையை இறக்கினால் மட்டம் 32 லிட்டரைத் தாண்டும். 40 லிட்டரே வாங்கு.

மேலே இடம் விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மால்ட் சாறு முதல் கொதி வரும்போது அதிலுள்ள புரதம் திரண்டு, பால் பொங்குவதுபோல நுரை குபுகுபுவென்று கிளம்பும். அந்தச் சில நிமிஷம் பக்கத்திலேயே நின்று, நுரை ஏறினால் உடனே தீயைக் குறை. நுரை அடங்கிய பிறகுதான் பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவைப் போட வேண்டும்.

அலுமினியமா, எவர்சில்வரா? அலுமினியம் மலிவு, எடை குறைவு, சூடும் சீராகப் பரவும். முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு உள்பக்கம் மங்கிய சாம்பல் நிறப் படலம் படிந்தால் போதும், பீருக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் பீர் காய்ச்சுபவர்கள் பாத்திரம் கழுவ வழக்கமாகப் பயன்படுத்தும் பெர்கார்பனேட் பவுடர் அந்தப் படலத்தை அரித்து, பாத்திரத்தைக் கறுக்கவைக்கும். காய்ச்சுவதில் பாதி வேலை கழுவுவதுதான். அதனால் என் ஓட்டு எவர்சில்வருக்கே. அடி மட்டும் கனமாக, நடுவில் அலுமினியத் தகடு வைத்ததாக இருக்கட்டும். மெல்லிய அடியில் சர்க்கரை பிடித்துக் கருகும். குழாய் வைத்ததை எடுத்தால், வால்வு மூன்று துண்டாகக் கழலுகிறதா என்று பார். கழலாத வால்வுக்குள் பழைய சாறு தங்கிப் புளித்துக் கிடக்கும்.

உன் வீட்டுக் கண்ணாடி அடுப்பில் இதை ஏற்றாதே. சாறும் பாத்திரமும் சேர்ந்து 30 கிலோ வரும். புரொப்பேன் பர்னர் வாங்கி, கொல்லையில் திறந்த வெளியில் வை. கராஜுக்குள் வேண்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

டென்வர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் ஹாப்ஸின் கசப்பு மெதுவாகத்தான் இறங்கும். கொஞ்சம் கூடுதலாகப் போடு.

ஆர்டர் போடுமுன் பர்னர் தாங்கியின் அகலத்தை அளந்து எழுது. அதற்கேற்ற அண்டாவாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்