எதிர்த்தால் விரோதியா? செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் எங்கள் ஏரிக்கரையில் நடந்தது உங்களுக்குத் தெரியும், காட்டியதே நீங்கள்தான். ஏரியில் மண் கொட்டிப் பேருந்து நிலையம் கட்டாதீர்கள், வேறு இடம் பாருங்கள் என்று மனுவோடு உட்கார்ந்திருந்தவர்களில் என் அம்மாவும் ஒருவர். வயது 68. கையில் குடையும் தண்ணீர் பாட்டிலும். திரையின் அடியில் ஓடிய வரி: ‘வளர்ச்சி விரோதிகள் முற்றுகை’.

அன்று இரவே சொந்தக்காரர்கள் போன். "என்னக்கா, கேஸ் கீஸ் போட்டுட்டாங்களா?" அதைச் சிரித்துச் சமாளித்துவிட்டார். அடுத்த மனுவுக்குக் கையெழுத்து வாங்கப் போனபோதுதான் முகம் வாடிவிட்டது. முதல் மனுவில் கையெழுத்துப் போட்ட 41 பேரில் 3 பேர்தான் பேனாவைத் தொட்டார்கள். "பையன் கவர்மெண்ட் பரீட்சை எழுதியிருக்கான், எதுக்கு வம்பு" என்று ஒருவர் கதவைப் பாதி சாத்திக்கொண்டே சொன்னாராம்.

எதிர்ப்பு வேறு, விரோதம் வேறு. திட்டத்தை எதிர்ப்பவர் நாளைக்கே சமாதானம் ஆகலாம். விரோதி என்றால் ஆளே அப்படி என்றாகிவிடுகிறது. ‘முன்விரோதம் காரணமாக’ என்று வெட்டுக்குத்துச் செய்தியில் நீங்கள் போடும் சொல் அது. தயவுசெய்து மனு கொடுப்பவர் மேல் அதை ஒட்டாதீர்கள்.

‘தேச விரோதி’ கதையும் இதேதான். நெருக்கடி நிலையின்போது, 1976இல், 42ஆவது திருத்தம் தேச விரோதச் செயலுக்கு அரசியல் சாசனத்திலேயே விளக்கம் எழுதியது. அடுத்து வந்த ஆட்சி 43ஆவது திருத்தத்தில் அதை நீக்கிவிட்டது. அந்தச் சொல்லுக்குச் சட்டங்களில் விளக்கம் இல்லை என்று 2021 டிசம்பரில் உள்துறை அமைச்சகமே நாடாளுமன்றத்தில் சொன்னது. சட்டத்தில் இல்லாத பட்டத்தை உங்கள் விவாத மேடையில் தினமும் வழங்குகிறார்கள். எதிர்த்தரப்பும் சளைத்ததில்லை, எதற்கெடுத்தாலும் ‘மக்கள் விரோத அரசு’. அரசுக்காவது மறுப்பு அறிக்கை விட ஆள் இருக்கிறது. அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? பஞ்சாங்கத்து விரோதி ஆண்டுகூட 2009 ஏப்ரலில் வந்து அடுத்த ஏப்ரலில் கிளம்பிவிட்டது!

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். பணிவோடு கேட்பது இதுதான்: யாரையும் உங்கள் வாயால் விரோதி என்னாதீர்கள்; எதை எதிர்க்கிறார்கள் என்று எழுதுங்கள். தலைவர் யாராவது சொன்னால், அவர் பெயரோடு மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

வருகிற திங்கட்கிழமை மனுநாளுக்கு அம்மா மறுபடி போகிறார். கேமரா அனுப்பினால், அடியில் ஓடும் வரியில் ஏரி என்ற சொல்லும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அவருடைய மகன்