கணையப் புற்றுநோய் இறப்புகளைக் கணக்கெடுக்க: ஊர்க்காரர்களுக்கு ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், வளைகுடாவிலும் வெளியூர்களிலும் இருக்கிற நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் சில ஊராட்சிகளைச் சேர்ந்த நாங்கள் ஒரு குழுவாகக் கூடியிருக்கிறோம். கணையப் புற்றுநோய்க்கு வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள், ஓய்வுபெற்ற செவிலியர்கள், ஆசிரியர்கள், ஒரு மருத்துவர் என்று எல்லோரும் இதில் உண்டு. சுமார் ஒரு லட்சம் பேர் வசிக்கும் இந்த ஊராட்சிகளில், கடந்த மூன்று ஆண்டுகளில் இறந்துபோன பெரியவர்களின் வீடுகளுக்கெல்லாம் போய், அவர்கள் எதனால் இறந்தார்கள் என்று முறையாகக் கேட்டு எழுதப் போகிறோம். ஓர் ஆண்டு வேலை, ஏழு லட்சம் ரூபாய் செலவு. கையில் 1,85,000 ரூபாய் இருக்கிறது. மீதி 5,15,000 ரூபாயை உங்களிடம் கேட்கிறோம்.

செத்தவர்களைக் கணக்கெடுத்து என்ன ஆகப்போகிறது, இருக்கிறவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கலாமே என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த வேண்டுகோள் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

2022ஆம் ஆண்டு உலகத்தில் கணையப் புற்றுநோய் வந்தவர்கள் ஏறக்குறைய 5,11,000 பேர். அதே ஆண்டு அதனால் இறந்தவர்கள் 4,67,000 பேர். இரண்டு எண்ணும் இவ்வளவு நெருங்கி நிற்பதிலேயே நோயின் குணம் தெரிந்துவிடும். 1990இல் இறப்பு இரண்டு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. மக்கள்தொகை கூடியதும் ஆயுள் நீண்டதும் இதற்குப் பெரிய காரணங்கள். ஆனால் வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தாலும் விகிதம் கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது.

இடத்துக்கு இடம் இது வெகுவாக மாறுகிறது. ஹங்கேரி போன்ற நடு ஐரோப்பிய நாடுகளில் லட்சம் பேருக்குப் பத்துப் பேரை ஒட்டி இந்த நோய் வருகிறது. இந்தியாவில் ஒருவரை ஒட்டி. வயதைச் சரிக்கட்டிய பிறகும் இதே வித்தியாசம்தான். ஒரே நாட்டுக்குள்ளும் போக்கு ஒன்றுபோல இருப்பதில்லை. அமெரிக்காவில் வெள்ளையின ஆண்களிடம் இறப்பு விகிதம் 1970 முதல் 1995 வரை இறங்கி, அப்புறம் மெல்ல ஏறத் தொடங்கியது. கறுப்பின ஆண்களிடம் அது 1980களின் கடைசிவரை ஏறி, பிறகு இறங்கியது. ஒரு பக்கம் புகைப்பழக்கம் குறைந்தது, இன்னொரு பக்கம் உடல் பருமன் கூடியது. இரண்டும் எதிரெதிராக இழுத்தன என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். அதை அவர்களால் சொல்ல முடிவதற்குக் காரணம், பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு இறப்புக்கும் காரணம் எழுதி வைத்த பதிவேடு அங்கே இருப்பதுதான்.

நம்மிடம் இருப்பது என்ன? இந்தியாவில் பதிவாகும் இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிப்பது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். தமிழ்நாடு அதைவிட மேல் என்றாலும் வீட்டில் நடக்கும் இறப்புகள் பாதிக்கு மேல் நழுவிவிடுகின்றன. இந்த நோயில் பெரும்பாலோர் வீட்டில்தான் இறக்கிறார்கள். இனி செய்வதற்கொன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்காரர்களும் கடைசி நாட்கள் வீட்டிலேயே கழியட்டும் என்று கூட்டி வந்துவிடுவார்கள். அப்புறம் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் போய் இறப்பைப் பதியும்போது காரணம் கேட்டால் ‘மஞ்சக்காமாலை’, ‘சுகர்’, ‘வயசாயிட்டு’ என்று வாயில் வந்ததைச் சொல்கிறோம். அவரும் எழுதிக்கொள்கிறார். யாரையும் குறை சொல்லவில்லை. பிணம் வீட்டில் கிடக்கும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடுக்க யாருக்கு மனம் வரும்?

எங்கள் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். எல்லை மாறினாலும் வைத்தியத்துக்கு வண்டி இன்றைக்கும் திருவனந்தபுரத்துக்குத்தான் போகிறது. நோய் கண்டுபிடிக்கப்படுவது கேரளத்தில், மரணம் நடப்பது தமிழ்நாட்டில். புற்றுநோய்ப் பதிவேட்டுக்காரர்கள் முகவரியை வைத்துத்தான் நோயாளியைக் கணக்கில் சேர்ப்பார்கள். அங்கே தங்கியிருந்த உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தால் கணக்கு அங்கே போய்விடும். இப்படி எத்தனை பேர் இடம் மாறிப் போயிருப்பார்கள் என்பதும் இந்த வேலையில் தெரியவர வேண்டிய விஷயம்.

சரி, விகிதம் குறைவான நாட்டில் இந்த மூலையில் உட்கார்ந்துகொண்டு கணையத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? காரணம் இருக்கிறது. கணையத்தில் கல் கட்டும் ஒருவகை நாள்பட்ட அழற்சி, கேரளத்திலும் அதை ஒட்டிய நம் பகுதியிலும் நெடுங்காலமாக உண்டு. கேரளத்து மருத்துவர் கீவர்கீஸ் 1960களிலேயே இதை விரிவாக ஆராய்ந்தார். பிள்ளைப் பருவத்தில் வயிற்றுவலி, வளரும்போது சர்க்கரை, வாழவேண்டிய வயதில் சாவு என்பது அவர் சொன்ன வரிசை. குடிப்பழக்கத்தால் வரும் அழற்சி வேறு; இது குடியே தெரியாத பிள்ளைகளுக்கு வந்தது. கொல்லம் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் 28,000 பேருக்கு மேல் பார்த்த ஓர் ஆய்வு, ஏறக்குறைய 800 பேருக்கு ஒருவர் என்று கணக்குச் சொன்னது. உலகில் வேறெங்கும் கேள்விப்படாத அளவு அது.

மரச்சீனிக் கிழங்கு மேல் பழி விழுந்ததும் அந்தக் காலத்தில்தான். கிழங்கில் இருக்கும் சயனைடு கணையத்தைக் கெடுக்கிறது என்று ஒரு கருத்து ரொம்ப நாள் ஓடியது. விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் பரப்பிவிட்ட கிழங்கு, பஞ்ச காலத்தில் நம் பாட்டன் பூட்டன் வயிற்றை நிறைத்த கிழங்கு. கிழங்கே சாப்பிடாத ஊர்களிலும் நோய் இருந்ததால் அந்த வாதம் தளர்ந்துபோயிற்று. நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது பிறகு தெரியவந்தது. ஆகவே கிழங்கும் மீன்குழம்பும் தாராளமாகச் சாப்பிடலாம். எங்கள் கூட்டத்திலும் அதுதான் பரிமாறப்படுகிறது.

விளையாட்டில்லாத செய்தி இனிமேல்தான். இந்தக் கல் அழற்சி உள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்து, சென்னை மருத்துவர்கள் மோகன், விஸ்வநாதன் உள்ளிட்டோர் 1994இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இந்த அழற்சி உள்ளவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல் என்று அது காட்டியது. நாட்டுக்கு ஒரு விகிதம் என்றால் நம் பகுதிக்கும் அதே விகிதம்தான் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான். கூடுதலா இல்லையா என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. பதிவேட்டில் குறைவாக இருப்பதை நோய் குறைவாக இருப்பதாக எடுத்துக்கொள்வது, எடைபோடாத மூட்டையை லேசான மூட்டை என்று சொல்வதைப் போன்றது.

இனி வேலை எப்படி நடக்கும் என்பது. இதற்கு வாய்மொழி மரண விசாரணை என்று பெயர். நாங்கள் கண்டுபிடித்த முறை இல்லை. இந்தியாவில் லட்சக்கணக்கான வீடுகளில் இப்படிக் கேட்டுத்தான், 2010ஆம் ஆண்டில் நாட்டில் சுமார் 5,56,000 பேர் புற்றுநோயால் இறந்ததாக 2012இல் கணக்கிட்டார்கள். பயிற்சி பெற்ற களப்பணியாளர் வீட்டுக்குப் போய், கடைசி மாதங்களில் கூட இருந்து பார்த்துக்கொண்டவரிடம் பேசுவார். பெரும்பாலும் அது மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருக்கும். எழுதிக் கொண்டுவந்ததை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்துக் காரணத்தைத் தீர்மானிப்பார்கள். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர் பார்ப்பார்.

கேள்விகள் எளிமையானவை. கண் எப்போது மஞ்சளித்தது? அப்போது வலி இருந்ததா, இல்லாமலே மஞ்சளித்ததா? மூத்திரம் கட்டன் சாயா நிறத்தில் போனதா, மலம் வெளுத்ததா? உடம்பெல்லாம் அரித்ததா? வயிற்றுவலி முதுகுக்கு ஏறியதா? குனிந்து உட்கார்ந்தால் ஆறுதலாக இருந்ததா, மல்லாந்து படுத்தால் கூடியதா? உடுத்தியிருந்த துணி தொளதொளத்துப் போனதா? அதுவரை இல்லாத சர்க்கரை அந்த ஆண்டு புதிதாகத் தெரிந்ததா?

இந்த நோய்க்கு வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்த, எங்கள் குழுவில் இருக்கும் ஓர் அக்காவிடம் இந்தக் கேள்விகளை முதலில் ஒத்திகை பார்த்தோம். “ராத்திரி முழுக்க தலாணிய மடியில வச்சிக்கிட்டு குனிஞ்சே இருப்பாவ, படுக்கவே மாட்டாவ” என்றார். மஞ்சள் தெரிந்ததும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றரை மாதம் பத்தியம். ஸ்கேன் எடுத்தபோது கணையத் தலையில் கட்டி, ஈரலுக்கும் பரவியிருந்தது. இறப்புச் சான்றிதழோடு அவர் பத்திரமாக வைத்திருந்த தாளில் காரணம் என்ற இடத்தில் மஞ்சள் காமாலை என்றுதான் இருக்கிறது. பாலிதீன் பையில் ஸ்கேன் படம், பயாப்சி ரிப்போர்ட் எல்லாம் இருந்தன. யாரும் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை.

எங்கள் கணக்கின் எல்லையையும் சொல்லிவிடுகிறோம். ஒரு லட்சம் பேர், மூன்று ஆண்டு என்றால் கணையப் புற்றுநோய் இறப்புகள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் தேறும். அதை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வட்டாரத்தின் விகிதம் இது என்று யாரும் அறிவிக்க முடியாது. நாங்களும் அறிவிக்க மாட்டோம். ஆனால் எல்லா இறப்புகளையும் எழுதுவதால், எத்தனை புற்றுநோய் வேறு பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். விவரங்களை மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுப்போம். தமிழ்நாட்டின் பதிவேட்டுப் பணிக்குச் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் கிராமப்புறப் பதிவேடே நடந்திருக்கிறது. அவர்கள் செய்து காட்டியதை நம் மூலைக்குக் கொண்டுவருகிறோம், அவ்வளவே.

வேலையின்போது கல் அழற்சி உள்ளவர்கள் குடும்பங்களில் தட்டுப்படுவார்கள். அவர்களில் மருத்துவர் பார்த்துத் தேவை என்று சொல்பவர்களுக்கு மட்டும் ஸ்கேன் எடுத்துக் கொடுப்போம். ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று சர்க்கரை வந்து, கூடவே காரணமில்லாமல் எடையும் குறைகிறவர்களை மருத்துவரிடம் அனுப்புவோம். (பயந்துவிட வேண்டாம்; அந்த வயதில் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் இந்த நோய் இருப்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான்.)

கணையப் புற்றுநோயில் ரத்தத்தில் கூடும் சிஏ 19-9 என்ற பொருளை அளக்கும் பரிசோதனையை முகாம் போட்டு எல்லோருக்கும் எடுக்கலாமே என்று வெளிநாட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அதற்காகவே பணம் தரவும் தயாராக இருந்தார். நன்றியோடு மறுத்துவிட்டோம். சாதாரண பித்தநாள அடைப்பிலும் அந்த அளவு ஏறும். சிலர் உடம்பில் அந்தப் பொருள் சுரப்பதே இல்லை, நோய் இருந்தாலும் காட்டாது. அறிகுறி இல்லாதவர்களைச் சலித்துப் பார்ப்பதில் நன்மையைவிடத் தீமை அதிகம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவே 2019இல் மறுபடியும் சொல்லியிருக்கிறது. முகாம் என்றால் பந்தல், பேனர், படம் எல்லாம் வரும், பிரயோசனம் வராது.

செலவு இப்படி: களப்பணியாளர் இருவர், மாதம் ஆளுக்கு 15,000 வீதம் ஆண்டுக்கு 3,60,000. இருவரும் இந்த ஊர்ப் பெண்களாகவே இருப்பார்கள். துக்க வீட்டில் அந்நிய ஆணைவிட அவர்களிடம்தான் பேச்சு வரும். விவரம் பதிய ஒருவருக்கு 96,000. பயணத்துக்கு 72,000. கைக்கணினி, படிவம், அச்சுக்கு 60,000. ஸ்கேனுக்கு 72,000. படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளைச் செவிலியர் போய்ப் பார்க்கவும், வலி மருந்துக்கும் 40,000. இந்தக் கடைசி இனம் முதல் கூட்டத்தில் கேள்வி கேட்டவர் பிடிவாதத்தால் சேர்ந்தது, நல்லதாயிற்று. மருத்துவர்கள் சம்பளம் வாங்கவில்லை. குழுவினர் யாருக்கும் படியும் இல்லை.

ஒரு மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். ஒப்புதல் கைக்கு வராமல் எந்த வீட்டுக் கதவையும் தட்டமாட்டோம். பேச விரும்பாத குடும்பத்தை வற்புறுத்த மாட்டோம். பெயர் ஒரு பூட்டிலும் நோய் விவரம் வேறொரு பூட்டிலும் இருக்கும். ஒப்புதல் கிடைக்காமல் போனால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

பணம் தர முடியாதவர்கள் ஒன்று செய்யலாம். இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023இல் வந்த திருத்தப்படி, மருத்துவமனையில் இறந்தால் இறப்புக் காரணச் சான்றின் பிரதியை நெருங்கிய உறவினருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். வீட்டில் இறந்தாலும் கடைசியாகப் பார்த்த மருத்துவரிடம் காரணத்தை எழுதி வாங்கி, அதை வி.ஏ.ஓ.விடம் கொடுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நூறு ரூபாயும் நன்கொடைதான். வங்கிக் கணக்கு விவரமும் கியூஆர் குறியும் ரசீதுப் புத்தகத்தின் பின் அட்டையில் இருக்கின்றன. ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள், அது எங்கள் ஆளாகவே இருந்தாலும். வருமான வரிச் சலுகை இப்போதைக்கு இல்லை. வரவுசெலவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நூலக வாசலிலும் ரேஷன் கடைப் பலகையிலும் ஒட்டப்படும். சந்தேகம் இருந்தால் ஞாயிறு மாலை நூலகத்துக்கு வாருங்கள். பொருளாளர் நோட்டோடு அங்கேதான் இருப்பார்.

இப்படிக்கு,
கணக்கெடுப்புக் குழுவினர்