பெரியப்பாவின் லப்டொப்பும் மூன்றாம் இலக்கமும்

கல்லடி
ஞாயிறு பின்னேரம்

மச்சான்,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமையாகிறது. பதில் போடவில்லை என்று கோபிக்காதே, இவ்வளவு நாளும் நான் இருபது வருசத்துக்கு மேற்பட்ட ஒரு லப்டொப்போடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடந்தேன். நீ உன் லப்டொப் படுத்தும் பாட்டை எழுதியதை வாசித்தபோது சிரிப்புத்தான் வந்தது. அக்கரைப்பற்றில் நீ ஒன்றோடு, இங்கே நான் ஒன்றோடு.

வீட்டில் எல்லோரும் சுகம். மழை பிடித்துவிட்டது, சுவரெல்லாம் ஈரம். மூத்தவள் வந்தாறுமூலை கம்பஸில் இரண்டாம் வருசம், கிழமைக்கு ஒருதரம் வந்து உடுப்பைத் தோய்த்துக்கொண்டு போகிறாள். என் முழங்கால் பழையபடிதான்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். படுவான்கரைப் பெரியப்பாவை உனக்கு நினைவிருக்கும், கூத்துப் பழக்கும் அண்ணாவியார். கடைசிக் காலத்தில் தன்னிடமிருந்த கூத்து ஏடுகளை எல்லாம் ஒரு விரலால் தட்டித் தட்டி லப்டொப்பில் ஏற்றி வைத்திருந்தார், வடமோடி, தென்மோடி என்ற இரண்டு பாணியுமாக, அம்மன் கோயில் குளிர்த்திப் பாட்டும் சேர்த்து. எல்லாம் யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துரு. ஏட்டுக் கொப்பிகளைக் கறையான் தின்றுவிட்டது, மிஞ்சியது அந்தப் பெட்டிக்குள் இருப்பதுதான். பெரியம்மா அதைப் பூப்போட்ட துணியால் மூடி சாமிப்படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். எடுத்துத் தருகிறேன் என்றேன். சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனை: "பெட்டியைக் கழட்டக் கூடாது மனே, வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகவும் கூடாது."

ஹார்ட் டிஸ்கைக் கழற்றி ஒரு மாற்றியில் கொழுவினால் பத்து நிமிடத்தில் முடியுமே என்று நீ இப்போது சொல்லிக்கொண்டிருப்பாய். எனக்கும் தெரியும். அதைப் பெரியம்மாவிடம் நீயே வந்து சொல். நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் மண்முனைப் பாலத்தால் போய் வந்தேன். முந்தியைப் போல வாவி கடக்கும் பாதைப் படகுக்குக் காத்து நிற்கத் தேவையில்லை, அதுவரைக்கும் நல்லது.

ஆள் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு. பிளொப்பி வாசிக்காது. சிடி தட்டு வெளியே வராது. யூஎஸ்பி துளை ஒன்று இருக்கிறது, ஆனால் 98க்கு பென் டிரைவ் என்றால் தனியாக டிரைவர், அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருள், போட வேண்டும், அந்த டிரைவரை எந்த வழியால் உள்ளே கொண்டுபோவது? பக்கவாட்டில் கார்ட் செருகும் பீசிஎம்சிஐஏ துளை இருந்தது. என் பழைய சாமான் பெட்டியில் ஒரு நெட்வேர்க் கார்ட் கிடந்தது, 16 பிட், வாலில் சின்ன வயர் தொங்குமே, அந்த வகை. அதற்கான டிரைவர் 98க்குள்ளேயே இருக்கிறது. டிரைவர்களைச் சுருட்டி வைத்திருக்கும் விண்டோஸின் கேப் கோப்புகளும் புண்ணியத்துக்கு டிஸ்கிலேயே கிடந்தன. கார்டைச் செருகினேன், ஒரு சின்னச் சத்தம் போட்டது, டிரைவரும் ஏறியது. வயரின் முனையில் வெளிச்சம் வரவில்லை. சாதனப் பட்டியலான டிவைஸ் மனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி.

முதல் ஞாயிறு முழுக்க நான் செய்தது மடைவேலை. டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன், நாலு தரம். உப்புக்காற்றில் ஊசி கறுத்திருக்கும் என்று துளைக்குள் அறுபத்தெட்டு ஊசிகளையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அந்த மஞ்சள் குறிக்கு மேல் இரண்டு தரம் தட்டினால் காரணம் எழுதியே இருக்கிறது, அதை வாசிக்க எனக்கு இரண்டாம் ஞாயிறு தேவைப்பட்டது. கோட் 12. அதாவது இந்தச் சாதனத்துக்குக் கொடுக்க இலக்கம் மிச்சமில்லை, வேறொன்றை நிறுத்தினால்தான் இதற்கு இடம். கோட் 10 என்று நின்றிருந்தால் டிரைவரையோ கார்டையோ சந்தேகிக்கலாம். 12க்கு ஸ்பிரிட் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை.

ஐஆர்க்யூ என்று அந்தக் காலத்தில் நாம் வாயில் போட்டுக்கொண்டு திரிந்தோமே, அதுதான். பள்ளிக்கூட இடாப்பில் ஆளுக்கொரு இலக்கம் இருந்தது போல ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒன்று, அந்த இலக்கத்தால்தான் அது புரோசஸரைக் கூப்பிடும். 0 முதல் 15 வரை பதினாறு இருக்கிறது என்று பெயர், ஆனால் எட்டெட்டாக இரண்டு சிப், இரண்டாவதை முதலாவதோடு தொடுக்க 2 போய்விடும். பெரியம்மாவின் பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் முழுவதையும் எழுதினேன். 0 நேரம், 1 விசைப்பலகை, 6 பிளொப்பி, 8 மணிக்கூடு, 9 மின்சார மேற்பார்வை, 12 விரல் தேய்க்கும் பலகை, 13 கணக்குப் பகுதி, 14, 15 டிஸ்கும் சிடியும். 10ஐயும் 11ஐயும் யூஎஸ்பி, படத்திரை, உள்மொடெம், கார்ட் துளையின் கட்டுப்படுத்தி எல்லாம் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. பீசிஐ வகைச் சாதனங்கள் அப்படிப் பகிர்ந்துகொள்ளும். என் 16 பிட் கார்ட் பழைய பரம்பரை, தனக்கென்று தனி இலக்கம் கேட்கும், பகிரவே பகிராது. 32 பிட் கார்ட்பஸ் வகையாக இருந்திருந்தால் இந்தச் சோலியே வந்திருக்காது.

மிஞ்சியவை 3, 4, 5, 7. ஐந்தில் சவுண்ட், ஏழில் பிரிண்டர், நான்கில் சீரியல் போர்ட். மூன்றில் யார் என்று பார்த்தால் இன்பிராரெட், வயரில்லாமல் தகவல் அனுப்பும் கண்! பெட்டியின் பின்னால் கறுப்புக் கண்ணாடித் துண்டு மாதிரி இருக்குமே, அது. பெரியப்பா தன் சீவியத்தில் அதைத் தொட்டிருக்க மாட்டார். ஒரு நாளும் வேலைக்கு வராதவன் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

விண்டோஸுக்குள் அதை நிறுத்திப் பார்த்தேன், இலக்கத்தை விடவில்லை. மறுகா எப் 2ஐ அழுத்தி, விண்டோஸுக்கு முந்தி ஓடும் பயோஸுக்குள் போய் அங்கேயே அணைத்தேன். குறைந்த டிரைவர்களோடு ஏறும் சேப் மோடில் ஒருதரம் ஏறி, நான் நாலு தரம் போட்டதில் மிஞ்சிக் கிடந்த கார்டின் பழைய பதிவுகளான ஆவிகளையும் அழித்தேன், சாதாரண மோடில் அவை கண்ணில் படாது. திரும்ப ஏற்றியபோது கார்ட் 3ஐ எடுத்துக்கொண்டது, வால் முனையில் பச்சை வெளிச்சம். பெரியம்மா தேத்தண்ணியோடு வந்து "எரியுதே" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கறன்ட் போனது. லப்டொப்பின் பற்றரி எப்போதோ செத்துவிட்டது, உள்ளே பயோஸை நினைவு வைத்திருக்கும் சின்னப் பற்றரியும் செத்துக் கிடந்தது எனக்குத் தெரியாது. கறன்ட் வந்து போட்டால் திகதி 1980 என்று நிற்கிறது, இன்பிராரெட் பழையபடி உயிரோடு, மஞ்சள் குறியும் திரும்பி வந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்குப் பெரியம்மா மட்டும் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தப் பெட்டி வாவிக்குள் போயிருக்கும். திரும்ப எப் 2, திரும்ப அணை. கறன்ட் போகிற ஒவ்வொரு தரமும் இதையே செய்தேன்.

கோப்புகளை எப்டிபியால், நெட்வேர்க் வழியே கோப்பு அனுப்பும் பழைய முறையால், இழுத்தேன். புது விண்டோஸோடு 98ஐ நேரடியாகக் கோப்புப் பகிரவிட்டால் அது வேறு கரைச்சல். 98க்குள் எப்டிபி கட்டளை உண்டு, என் லப்டொப்பில் ஒரு சின்ன எப்டிபி சேர்வரை ஓடவிட்டு, ஒரு எழுத்தும் மாறாமல் போக பைனரி என்று சொல்லி அனுப்பினேன். எல்லாம் வந்து சேர்ந்தது. திறந்தால் பாமினி எழுத்துரு இல்லாமல் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், "அம்மா" என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். சில வரிகள் சிதைகின்றன, அதைப் பாட்டுத் தெரிந்த ஒருவர்தான் திருத்த வேண்டும்.

உன் கதை வேறு. எக்ஸ்பி ஓடுகிற அந்த வயதுப் பெட்டியில் இலக்கங்களைப் பெரும்பாலும் அதுவே பகிர்ந்து கொடுத்துவிடும், நீ ஐஆர்க்யூவைத் துரத்தாதே. யூஎஸ்பி வைபை குச்சியைச் செருகினால் இரண்டு வைபையும் சேர்ந்து விழுகிறது என்று எழுதியிருந்தாய். பார், குச்சியோடு வந்த அந்த நிறுவன மென்பொருளும் விண்டோஸின் சொந்த வயர்லெஸ் சேவையும் ஒரே வேலைக்கு அடிபடுகின்றன என்றுதான் நினைக்கிறேன். நிறுவனத்துடையதை அழித்து டிரைவரை மட்டும் வை. உள்வைபையை டிவைஸ் மனேஜரில் நிறுத்து. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதே, ஒன்றைச் செய்து, திரும்ப ஏற்றிப் பார், பிறகு மற்றது. அப்போதுதான் எது குற்றவாளி என்று தெரியும். எக்ஸ்பியிலும் ஆவிகள் மறைந்து கிடக்கும், அவற்றைக் காட்டவைக்க ஒரு வரி தட்ட வேண்டும், அதைத் தனியாக அனுப்புகிறேன்.

அடுத்த சனி வரமுடியுமா? உன் லப்டொப்பையும் தூக்கிக்கொண்டு வா. தென்மோடிப் பாட்டு உனக்கு என்னைவிடக் கூடத் தெரியும், அந்தச் சிதைந்த வரிகளைக் கையோடு பார்த்துவிடலாம். பெரியம்மா எருமைத் தயிர் உறைய வைக்கிறேன் என்றிருக்கிறார். லப்டொப் பழையபடி பூத்துணிக்குக் கீழே போய்விட்டது, இன்பிராரெட்டை அணைத்தபடியே விட்டிருக்கிறேன், அடுத்த முறை கறன்ட் போகும் வரைக்கும்.

உன் பழைய வாங்குத் தோழன்