பரணில் இரண்டு பேர்

வெள்ளகோவில்,
கார்த்திகை 4

அன்புள்ள அம்மணிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்குப் பதில் போடவும். உன் அப்பாவாக இருந்தால் இத்தோடு கையெழுத்துப் போட்டு அட்டையைப் பெட்டியில் சேர்த்திருப்பார். எனக்கு அப்படி வராது என்பது உனக்குத் தெரியும்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை பேசினாய். அதற்குப் பிறகு இல்லை. நான் கூப்பிட்டால் எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் சொல்கிறாள். அவள் குரல் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. மலையில் டவர் கிடைக்காது என்று உன் அண்ணன் சொல்கிறான். சரி, கிடைக்காமல் இருக்கும். முட்டைக்கோசு ஏற்றத் தாளவாடிக்கு வருகிற லாரிக்காரத் தம்பி வியாழக்கிழமை புறப்படுகிறான். அவனிடம் ஒரு மூட்டையும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். போன நடையில் உன் காட்டு வழியாகத்தான் வந்தானாம். உன் வீட்டில் விளக்கு எரிந்தது என்றான். நல்லது. மற்ற வீடுகளைப் பற்றி ஏதோ சொல்ல வந்தான். காபி ஆறுகிறது, முதலில் குடி என்று சொல்லிவிட்டேன்.

ராகிக் கதிர் இந்நேரம் முற்றியிருக்கும். முற்றிய ராகி வாசத்துக்கு யானை வரும் என்று நீதான் சொன்னாய். காவல் பரணில் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும், அம்மணி. ஒருவர் கண் அசந்தால் ஒருவர் விழித்திருக்க வேண்டும். நாம் பரம்பிக்குளம் ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலின் கடைமடைக்காரர்கள், இரவில் தண்ணீர் முறை வந்தால் உன் அப்பா மடைக்குத் தனியாகப் போய் நான் பார்த்ததில்லை. கீழ்த்தோட்டத்து மாமா கூடப் போவார். மண்வெட்டி பிடிக்க ஒருவர், பேச்சுத் துணைக்கு ஒருவர். இத்தனைக்கும் நம் ஊரில் யானை இல்லை, தேளும் கட்டுவிரியனும்தான்.

மூட்டையில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வள்ளம் கொள்ளு. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை ஐந்து கிலோ. நல்லெண்ணெய். கச்சாயம் ஐம்பது, உன் கூட்டாளிகளையும் சேர்த்து ஆளுக்கு இத்தனை என்று எண்ணித்தான் சுட்டேன். ஓசூர்ப் பிள்ளைகள் இரண்டு பேர், மதுரைக்காரத் தம்பி, அவன் வீட்டுக்காரி, குழந்தை, அந்தச் சோப்புக் காய்ச்சுகிற பெண், நீ. மீந்தால் நீயே வைத்துத் தின்னு. பத்து நாள் கெடாது.

சாம்பலில் புரட்டிய அவரை விதை தனிப் பொட்டலமாக இருக்கிறது. நீ வைகாசியில் கேட்டது, சிவப்புக் கோடு போட்டது, உன் அப்பாவைப் பெற்ற ஆத்தா பந்தலில் ஏற்றுவாளே அதுதான். ஆடிப் பட்டத்துக்குக் கேட்டதைக் கார்த்திகையில் அனுப்புகிறாளே என்று நினைக்காதே, அதற்கு ஒரு கதை இருக்கிறது. நம் வீட்டு அட்டாலியில் விதைக் குடுக்கைகள் வரிசையாகத் தொங்கும், உனக்கு நினைவிருக்கும். கடையில் பாக்கெட் விதை வந்த பிறகு நான்தான் ஒவ்வொன்றாக இறக்கினேன். உன் ஆத்தா கட்டிலில் படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நீ கேட்டபோது வீடு முழுக்கத் தேடினேன். ஒரு விதை இல்லை. கீழ்த்தோட்டத்து அக்காவுக்கு உன் ஆத்தா அந்தக் காலத்தில் ஒரு பிடி கொடுத்திருந்தாள், அவளிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எல்லை வரப்புப் பொழியில் இருந்த பனைகளை உன் அண்ணன் வெட்டிய நாளிலிருந்து அந்த வீட்டோடு நமக்குப் பேச்சில்லை. ஒன்பது வருடம். போவதா வேண்டாமா என்று ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. ஐப்பசியில் ஒரு நாள் இட்டேரி வழியாக நடந்து போய்விட்டேன். அவள் மாட்டுக்குச் சோளத் தட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. உள்ளே போய்ச் சோற்றைப் போட்டு மோரை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். விதையை நான் வாய் திறந்து கேட்க வேண்டியிருந்தது. அது மட்டும் சிரமமாக இருந்தது. "உங்க மாமியா குடுத்ததுதானே, எனக்கு எதுக்குக் கணக்கு" என்று இரண்டு பிடி அள்ளிப் போட்டாள். நம் வீட்டு விதை நம் வீட்டில் செத்துப்போய், கொடுத்த வீட்டில் உயிரோடு இருந்திருக்கிறது.

நீ தற்சார்பு, தற்சார்பு என்பாயே. அந்தச் சொல்லை உன் வாயிலிருந்துதான் நான் முதலில் கேட்டேன். இயற்கை விவசாயம் சொல்லித் தருகிற கடவூர் வானகத்துக்குப் பயிற்சி என்று போய்விட்டு வந்து, நம்மாழ்வார் ஐயா படத்தைப் பெங்களூர் அறையில் மாட்டிக்கொண்டாய். அடுத்த லீவில் வந்து என் கட்டுத்தரையில் பஞ்சகவ்யம் கலக்கினாய். சாணியும் கோமியமும் பாலும் தயிரும் சரி. பொங்கலுக்கு என்று நான் உருக்கி வைத்திருந்த நெய்யை நீ டிரம்மில் ஊற்றியது இன்னும் என் வயிற்றில் எரிகிறது. கொடுமுடி டாக்டர் நடராஜன் கண்டு சொன்ன முறை, நம் பக்கத்து ஊர்க்காரர் என்று உன் அண்ணன் உனக்காகப் பரிந்து பேசினான். அவன் உனக்காகப் பேசிய நாட்களும் உண்டு, அதையும் எழுத வேண்டும்.

உன் ஆத்தாவை விடவா நீ தற்சார்பு? சோளம், கம்பு, கொள்ளு, எண்ணெய், கயிறு, வேலி எல்லாமே இந்த மண்ணில் முளைத்ததுதான். உப்பும் தீப்பெட்டியும் கொழுமுனையும் மட்டும் வெளியிலிருந்து வரும். அவளே, பால் திரிந்துபோன நாளில் உறைமோருக்குக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தோட்டத்துக்குத்தான் போவாள். கடலை பிடுங்க இன்று அவர்கள் இங்கே வந்தால் நாளைக்கு நாங்கள் அங்கே. கூலி என்று ஒரு பைசா கை மாறாது. மத்தியானச் சோறு மட்டும் காட்டுக்காரர் வீட்டுச் செலவு. யார் எத்தனை ஆள் கடன் என்பது ஒவ்வொருத்திக்கும் விரல் நுனியில் இருக்கும். நீங்கள் நான்கு வீட்டுக்காரர்கள் மாதம் ஒரு ஞாயிறு ஒருவர் காட்டில் கூடி வேலை செய்கிறோம் என்று சொன்னபோது நான் சிரித்தேன், அதற்கா பெங்களூர் வேலையை விட்டுப் போக வேண்டும் என்று கேட்டேன். சிரித்திருக்கக் கூடாது. நம் ஊரில் அது நின்று இருபது வருடமாகிறது. இப்போது கடலை பிடுங்க ஆள் வேண்டுமென்றால் வேன் வைத்து அழைத்துவர வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாங்கள் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்துச் சேரவில்லை. பிடிக்காதவர்களும் பக்கத்திலேயே இருந்தார்கள், எங்கும் போக முடியாது. உங்கள் கூட்டம் விரும்பிச் சேர்ந்தது. விரும்பி வந்தவர்களுக்குப் போக வழியும் திறந்தே இருக்கிறது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், அப்பாவுக்கு ஆபரேஷன், எத்தனையோ இருக்கும். யாரையும் குறை சொல்லவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த கன்னடக்கார வீடுகள் இருக்கின்றனவே, அவர்களோடு பழகுகிறாயா? ராகி எப்போது அறுப்பது என்பதை அவர்களிடம் கேள். அங்கே ஒரு கிழவி கட்டாயம் இருப்பாள். அவள் வீட்டுக்கு உறைமோர் கேட்டுப் போ. உன் வீட்டில் மோர் இருந்தாலும் போ.

அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய பர்கூர் மாடு எப்படி இருக்கிறது? செந்நிறத்தில் வெள்ளைத் திட்டாக அழகான மாடுதான், படத்தில் பார்த்தேன். ஆனால் அது மலையில் பட்டியாக மேய்ந்து பழகிய இனம். ஒற்றையாகக் கட்டினால் சாப்பிடாது, இரவெல்லாம் கத்தும். மாட்டைத்தான் சொல்கிறேன்.

போன மாதம் முத்தூரில் ஒரு கல்யாணம். உன் சின்னம்மா எல்லோர் முன்னாலும், மூத்தவள் இன்னும் காட்டில்தான் இருக்கிறாளா என்று கேட்டாள். போன வெள்ளாமையில் அஞ்சு மூட்டை ராகி எடுத்திருக்கிறாள், அதுவும் யானைக்குக் கொடுத்தது போக என்றேன். நீ மூன்று என்றுதான் சொன்னாய். கல்யாண வீட்டில் இரண்டு மூட்டை கூட்டிச் சொன்னால் குற்றமில்லை. கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். இது அடுத்தவர் கல்யாணம், கணக்கில் வராது. ஆனால் வீட்டுக்கு வந்து எனக்குக் கோபம் வந்தது. சின்னம்மா மேல் இல்லை, உன் மேல். முப்பது பவுன் நகையை விற்று, சேமிப்பைப் போட்டு, இரண்டு ஏக்கர் கரடு வாங்கினாய். சத்தியமங்கலத்திலிருந்து 27 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். இரவானால் திம்பம் வழியில் வண்டிகளை விட மாட்டார்கள். உனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் என்ன செய்வாய்? மண் வேண்டுமென்றால் இங்கே இல்லாத மண்ணா என்று உன் அப்பா படத்தின் முன்னால் நின்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

கேட்ட பிறகு அங்கே நிற்க முடியவில்லை.

அம்மணி, 1989இல் பெண் பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அப்போது அது இல்லை. நான் 1976இல் இந்த வீட்டுக்கு வந்தவள். சட்டம் வந்தபோது உனக்கு ஐந்து வயது. உன் அப்பா ஆசாரத்தில் உட்கார்ந்து பேப்பரில் அந்தச் செய்தியைச் சத்தமாக வாசித்தார். நீ அவர் மடியில் இருந்தாய். உன் தலையைத் தட்டி, "கொறங்காடு அம்மணிக்கு" என்றார். மாடு மேய்கிற நம் காட்டைத்தான். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். சாகிறதற்கு முந்தின மாதம், ஆஸ்பத்திரியில், அதையே என்னிடம் மறுபடி சொன்னார். அது விளையாட்டு இல்லை.

அவர் போன மறு வருடம், 2012 ஆனியில், உன்னைப் பெங்களூரிலிருந்து வரவழைத்தோம். பத்திரப்பதிவு அலுவலகத்தில் உன் பங்கை அண்ணனுக்கு விட்டுக் கொடுக்கிற அந்த விடுதலைப் பத்திரத்தை ஒரு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்று நீ சொன்னாய். அண்ணன் எழுதியதையா வாசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டது நான்தான். வெளியே வந்து எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தாய். நீ குடிக்கவில்லை. அப்பா சொன்னதை அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அண்ணன் மனம் கோணும், வீடு இரண்டாகும், உனக்குச் சம்பளம் இருக்கிறது, நகை இருக்கிறது என்று எனக்கு நானே பேசிக்கொண்டேன். என் அண்ணன்மார்களுக்கு நானும் அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன், யாரும் கேட்கவில்லை, நானும் வாசிக்கவில்லை. அதனால் அதுதான் முறை என்று இருந்துவிட்டேன்.

இப்போது கொறங்காட்டில் தறிக் கொட்டகை நிற்கிறது. உன் அண்ணன் கடனில் இருக்கிறான், அவனையும் சொல்லிக் குற்றமில்லை. கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பி போட்டாயிற்று. கொழுக்கட்டைப் புல் இல்லை. வெள்வேல மரம் ஒன்று மட்டும் மூலையில் நிற்கிறது. செவலையாகப் பிறந்த கன்று எப்போது சாம்பல் நிற மயிலையாக மாறும் என்று நீ தினமும் போய் அந்த மரத்தடியில் பார்ப்பாயே, அந்த மரம்தான். போன வாரம் அவன் சாப்பிடும்போது, அப்பா சொன்னதைச் சொன்னேன். பாதியில் எழுந்து கை கழுவிவிட்டான். பேசவில்லை. மறுநாள் காலையில் தானாகவே போய், மிச்சமிருந்த வேலியில் கிளுவைப் போத்து நாற்பது வெட்டி, ஈரச்சாக்கில் கட்டிக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தான். அம்மணி கேட்டாளல்லவா, அனுப்புங்கள் என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. மூட்டையோடு வருகிறது. ஈரம் காயும் முன்னே நட்டுவிடு. யானைக்குக் கிளுவை ஒரு வேலியா என்று சிரிக்காதே, ஆட்டுக்காவது ஆகும்.

லாரி அடுத்த நடை பௌர்ணமி கழித்து வருகிறதாம். முன் சீட்டில் இடம் இருக்கிறது என்று அந்தத் தம்பி சொன்னான். வளைவில் வாந்தி வரும், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்கிறேன். அண்ணி சமையலைப் பார்த்துக்கொள்வாள், மாட்டுக்குக் கீழ்த்தோட்டத்து அக்கா தட்டுப் போடுவாள், கேட்டுவிட்டேன். எத்தனை நாள் என்று கேட்காதே. அறுவடை வரை இருப்பேன்.

பரண் ஏணிக்குப் படிகள் எத்தனை, ஒன்றுக்கொன்று எவ்வளவு உயரம் என்று லாரிக்காரத் தம்பியிடம் அளந்து சொல்லி அனுப்பு. என் இடது முழங்கால் ஒரு முழத்துக்கு மேல் தூக்க வராது. நடுவில் படி கட்ட வேண்டுமென்றால் மூங்கிலும் கயிறும் இங்கிருந்தே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
அம்மா