பேஸ்பாலில் எல்லாமே 'ரன் அவுட்' இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பால் மறுபடியும் வருகிறது. அப்போது விளையாட்டுப் பக்கத்தில், ஓடும் ஆள் எப்படி அவுட்டானாலும் 'ரன் அவுட்' என்று போட்டுவிடாதீர்கள். கிங்ஸ்மீடில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம் டர்பன் வாசகர்கள் அதைத் தப்பாகத்தான் புரிந்துகொள்வார்கள்.

கிரிக்கெட்டில் பெயில் விழுந்தால் போதும், ஆளைத் தொட வேண்டாம். பேஸ்பாலில் ஓடுபவர் முதல், இரண்டாவது, மூன்றாவது பேஸ் என்ற இடங்களை வரிசையாகத் தொட்டு, கடைசியில் ஹோமைத் தொட்டால் ஒரு ரன். அவரை அவுட்டாக்க, பந்தை வைத்திருப்பவர் சில சமயம் பேஸை மிதித்தால் போதும்; சில சமயம் பந்தோடு ஆளைத் தொட்டே ஆகவேண்டும். பேட்டர் தரையோடு அடித்தால் முதல் பேஸுக்கு ஓடியே தீர வேண்டும். ஒரு பேஸில் இரண்டு பேருக்கு இடமில்லை. அதனால் அங்கே நின்றவர் இரண்டாவது பேஸுக்குப் போயாக வேண்டும். இதுதான் ஃபோர்ஸ். பந்தைக் கையில் பிடித்தபடி ஃபீல்டர் அந்த இரண்டாவது பேஸை மிதித்தாலே அவர் அவுட். இரண்டாவது பேஸ் காலியாக இருந்தால், மூன்றாவதில் நிற்பவரைத் தள்ள யாருமில்லை. அவர் ஹோமுக்கு ஓடினால் 'டேக்' செய்யத்தான், அதாவது பந்தோடு ஆளைத் தொடத்தான் வேண்டும்.

பழகியவர்களே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு அவுட் ஆகியிருக்கிறது (மூன்று அவுட்டானால் அந்த அணியின் முறை முடியும்); முதலிலும் மூன்றாவதிலும் ஆள். தரையில் வந்த பந்தை முதல் பேஸைக் காக்கும் ஃபீல்டர் எடுத்து, பக்கத்தில்தானே என்று தன் பேஸை மிதிக்கிறார். பேட்டர் அவுட். பின்னாலிருந்து தள்ள ஆளில்லாததால் ஃபோர்ஸும் அந்த நொடியே போய்விட்டது. அடுத்து இரண்டாவதுக்கு எறிந்தால், ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நிற்கும் ஃபீல்டர்) பேஸை மிதித்துக்கொண்டு நின்று பயனில்லை. பந்து இருக்கும் கிளவை (கையுறையை) பேஸுக்கு முன்னால் தாழ்த்தி, சறுக்கி வரும் காலைத் தொட வேண்டும். பந்து ஒரு கையில் இருக்க வெறும் கிளவால் தொட்டால் அவுட் கிடையாது. தொடும்போது பந்து நழுவினாலும் கிடையாது. அந்த டேக்குக்கு முன்பே மூன்றாவது பேஸ் ஆள் ஹோமைத் தொட்டிருந்தால் அந்த ரன் கணக்கில் சேரும்.

அதையே முதலில் இரண்டாவதுக்கு எறிந்து, அங்கிருந்து பந்து முதல் பேஸுக்குத் திரும்பி, பேட்டர் வந்துசேருமுன் மூன்றாவது அவுட்டாகியிருந்தால், மூன்றாவது பேஸ் ஆள் ஹோமைத் தொட்டிருந்தாலும் ரன் கிடையாது. அதே பந்து, அதே இரண்டு அவுட். வரிசை மாறியதில் ஒரு ரன் போகிறது. ஸ்கோர் எழுதுபவர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

கேட்ச் பிடிபடுமுன் பேஸை விட்டு ஓடியவரை, அந்த பேஸை மிதித்து அப்பீல் கேட்டு அவுட்டாக்குவதும் பார்வைக்கு ஃபோர்ஸ் மாதிரிதான் இருக்கும். ஆனால் அது ஃபோர்ஸ் இல்லை. மூன்றாவது அவுட் அப்படி விழுந்தாலும், அவருக்கு முன்னே ஓடி, அதற்கு முன் முறைப்படி ஹோம் சேர்ந்தவரின் ரன் நிற்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்