எங்கள் தம்பியின் வழக்கில் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

மதிப்புக்குரிய ஊரவர்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், இரணைமடுக் குளத்தின் கீழுள்ள எமது வாய்க்காலில் தண்ணீர் முறை தொடர்பாக எழுந்த தகராற்றில் என் தம்பி மண்வெட்டிப் பிடியால் தாக்கப்பட்ட நேரம் முதல், கிளிநொச்சி நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு முடிவுற்ற அண்மைய தவணை வரை எம்மைக் கைவிடாதவர்களுக்கு, குடும்பத்தின் சார்பில் இம்மடலை எழுதுகின்றேன்.

முதல் நன்றி அன்று வந்த ஓட்டோக்காரப் பிள்ளைக்கு உரியது. முன்கை வீங்கிக் கருநீலமாகியிருந்த நிலையிலும் முறிவுநெரிவு வைத்தியரிடம் கொண்டுபோய்ப் பத்துப் போடலாம் என்று பெரியவர்கள் சொன்னபோது, "அடிபட்ட காயம் அக்கா, ஆஸ்பத்திரியில பதியாட்டி பிறகு கதைக்க ஏலாது" என்று சொல்லி நேரே வைத்தியசாலைக்கு விட்டவர் அவர். அன்றெடுத்த எக்ஸ்ரே படமும், சட்ட வைத்திய அதிகாரி ஒவ்வொரு காயத்தையும் அளந்து, எந்த வகை ஆயுதத்தால் ஏற்பட்டிருக்கலாம் என்றும் குறித்து எழுதிய அறிக்கையுமே பின்னர் வழக்கின் முதுகெலும்பாயின.

முறைப்பாடு பதியப்பட்ட இடத்தில் அது வெறும் கைகலப்பாகவே எழுதப்பட்டதுடன், தம்பிக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமும் கேட்கப்பட்டது. அவ்வேளையில்தான் கிராம அலுவலர் எமது வருமானத்தை உறுதிப்படுத்திக் கடிதம் தந்து, சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளிநொச்சி நிலையத்துக்கு எம்மை அனுப்பிவைத்தார். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அந்த ஆணைக்குழு எம்மைப்போன்ற வசதியற்றவர்களுக்கும் உரியது என்பதை அதுவரை எவரும் எமக்குச் சொல்லியிருக்கவில்லை.

அங்கிருந்த சட்டத்தரணி அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வேன்! 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி வடக்கில் தமிழே நிர்வாக மொழி என்பதைச் சுட்டிக்காட்டி, தம்பியின் வாக்குமூலத்தைத் தமிழில் மீண்டும் பதிவுசெய்வித்தார். எலும்பு முறிந்தால் அது தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவின்படி பாரதூரமான காயம் என்றும், சாதாரண காயத்துக்கான 314ஆம் பிரிவின் கீழ் ஓராண்டுடன் நின்றுவிடும் தண்டனை, பாரதூரமான காயத்துக்கான 316ஆம் பிரிவின் கீழ் ஏழு ஆண்டுகள் வரை செல்லக்கூடும் என்றும் எங்கள் அம்மாவுக்கும் விளங்கும்படி பொறுமையாகச் சொன்னார். பாதிக்கப்பட்டவர் சார்பிலும் சட்டத்தரணி தோன்றலாம் என்ற உரிமையைப் பயன்படுத்தித் தவணைதோறும் மன்றில் எழுந்து நின்றார்; இறுதியில் எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, தம்பி தொழில் செய்யமுடியாமல் போன காலத்தை எடுத்துரைத்து நட்டஈட்டுக்கான கட்டளையையும் பெற்றுத்தந்தார்.

அடுத்த வளவு மாமியை நான் தனியே வணங்கவேண்டும். சாட்சி சொல்லவேண்டாம் என்று வேலியோரம் வந்து மிரட்டியவர்கள் இருந்தும் அவர் பின்வாங்கவில்லை. சாட்சியை அச்சுறுத்துவது தனிக்குற்றம் என்பதையும், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தில் அவருக்குப் பாதுகாப்பு உண்டு என்பதையும் சட்டத்தரணி அம்மா அவருடைய வீட்டுத் திண்ணையிலேயே இருந்து விளக்கினார். ஆனாலும் சட்டம் அறிவதற்கு முன்பே மாமி தன் முடிவை எடுத்திருந்தார் என்பதுதான் எனக்குப் பெரிது.

தம்பி இப்போது மீண்டும் வயலில் இறங்கியிருக்கிறான். எங்கள் ஊரில் இத்தகைய துன்பத்தில் சட்ட உதவி நிலையத்துக்குத் தனியே போகத் தயங்கும் எவரும் எம்மிடம் வந்தால், தம்பியோ நானோ அவர்களுடன் கூடப் போவோம்.

நன்றியுடன்,
தம்பியின் அக்கா